பேக்லிங்க் வாங்கலாமா? கம்பம், குமுளி வணிகர்களின் கேள்விகளுக்குப் பதில்

தேக்கடியைச் சுற்றியுள்ள தங்கும் விடுதிகளுக்கும் ஏலக்காய் வியாபாரிகளுக்கும் இணையதளக் கட்டுரைகள் எழுதிக்கொடுப்பது என் தொழில். கட்டுரையை மாற்றி எழுதிப் பல தளங்களில் போடுவது, பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு) சேர்ப்பது பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேட்கலாம் என்று நம் வணிகர் குழுவில் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். லோகோ வடிவமைப்பு பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவும், அது எனக்குத் தெரியாத வேலை.

குமுளி, ஹோம்ஸ்டே நடத்துபவர்: அக்கா, 8,000 ரூபாய் கொடுத்தால் ஒரு கட்டுரையை 500 தளங்களில் போட்டு 500 பேக்லிங்க் வாங்கித் தருவதாக ஒருவர் போன் செய்கிறார். மூன்று மாதத்தில் கூகுளில் முதல் இடம் உறுதி என்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள் தம்பி. முதல் இடத்தை யாராலும் உறுதி செய்ய முடியாது என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்திலேயே அவர் யார் என்பது தெரிந்துவிட்டது.

இந்த வியாபாரம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். 1990களின் பிற்பகுதியில், பின்னர் கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கிய பேஜ்ரேங்க் முறையில், ஒரு தளம் இன்னொரு தளத்துக்கு இணைப்புக் கொடுத்தால் அது ஓட்டுப் போட்டதற்குச் சமம். ஓட்டுக்கு மதிப்பு வந்ததும் கள்ள ஓட்டும் வந்தது. யார் வேண்டுமானாலும் கட்டுரை போடலாம் என்று 'ஆர்ட்டிகிள் டைரக்டரி' தளங்கள் முளைத்தன. கட்டுரையின் அடியில் எழுதியவர் பற்றிய சிறு குறிப்பும் அதற்குள் அவருடைய தளத்தின் இணைப்பும் இருக்கும். கட்டுரையை யாரும் படிக்க வேண்டியதில்லை, இணைப்பைக் கூகுள் எண்ணினால் போதும். சில காலம் அது நன்றாகவே நடந்தது. 2011 பிப்ரவரியில் கூகுளின் தேடல் முறையில் பாண்டா என்ற மாற்றம் வந்து அந்தத் தளங்களைத் தேடலில் கீழே தள்ளியது. 2012 ஏப்ரலில் பென்குவின் வந்து, இப்படி இணைப்புச் சேர்த்தவர்களையும் பிடித்தது. 2016இல் பென்குவின் நிரந்தரமாகத் தேடல் முறைக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. இப்போது இத்தகைய இணைப்புகளைக் கூகுள் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதே இல்லை. ஆகவே உங்கள் 8,000 ரூபாய்க்குத் தண்டனை கிடைக்கும் என்று பயமுறுத்த மாட்டேன். ஒன்றுமே கிடைக்காது என்பதுதான் அதிக வாய்ப்பு.

நம்பிக்கை இல்லையென்றால் அந்த 500 தளங்களில் பத்தின் முகவரியைக் கேளுங்கள். திறந்து பாருங்கள். ஒரே பக்கத்தில் சூதாட்டம், உடனடிக் கடன், உடல் இளைக்கும் மாத்திரை, நடுவில் உங்கள் ஹோம்ஸ்டே. அங்கே வருகிற யார் குமுளியில் அறை தேடுகிறார்கள்?

போடி, ஏலக்காய் வியாபாரி: நல்ல கட்டுரை ஒன்று கைவசம் இருக்கிறது. சொற்களை மாற்றிப் பல கட்டுரைகளாக்கித் தரும் மென்பொருளை மகன் காட்டினான். அப்படிப் போட்டால் நகல் என்று கண்டுபிடிக்க மாட்டார்களாமே அம்மா?

இதற்கு ஸ்பின்னிங் என்று பெயர் ஐயா. ஒவ்வொரு இடத்திலும் 'சிறந்த, தரமான, உயர்ந்த' என்று மாற்றுச் சொற்களைக் கொடுத்துவிட்டால் மென்பொருள் ஏதாவது ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளும். பத்து இடங்களில் மும்மூன்று சொல் கொடுத்தாலே 59,049 வடிவங்கள் வந்துவிடும். எண்ணிக்கை மயக்கும். ஆனால் அத்தனையிலும் இருப்பது அதே ஒரு செய்திதான்.

ஆங்கிலத்திலாவது சொல்லைத் தூக்கிச் சொல்லை வைத்தால் ஓரளவு நிற்கும். தமிழில் வேற்றுமை உருபும் சந்தியும் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 'காயை மலையிலிருந்து இறக்கியதும் ஸ்டோரில் உலர்த்துகிறோம்' என்ற வரி இப்படி வெளியே வரும்: 'பழத்தை குன்றுயிலிருந்து தாழ்த்தியதும் கடையில் வற்றுகிறோம்.' நம் பக்கத்தில் ஸ்டோர் என்றால் ஏலக்காய் உலர்த்தும் கட்டடம் என்பது அந்த மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? இதைப் படிக்கிற வெளியூர் வியாபாரி உங்களிடம் ஒரு கிலோகூட வாங்க மாட்டார்.

அந்த ஒரு கட்டுரையை உங்கள் தளத்திலேயே வைத்து அதைப் பெரிதாக்குங்கள். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால்தான் ஒரு கிலோ கிடைக்கிறது என்று எழுதுங்கள். சூடு கூடினால் பச்சை நிறம் போய்விடுவதைப் படத்தோடு காட்டுங்கள். 8 மில்லிமீட்டர் காயையும் அதற்குக் குறைந்ததையும் ஒரே தட்டில் வைத்துப் படம் எடுங்கள். போடியிலும் புத்தடியிலும் நடக்கும் மின் ஏலத்தின் விலைக்கும் சில்லறை விலைக்கும் ஏன் இவ்வளவு இடைவெளி என்பதை விளக்குங்கள். சமையல் எழுதுகிறவர்களும் மசாலா வியாபாரிகளும் இதைத் தேடுகிறார்கள். அவர்கள் கேட்காமலே இணைப்புக் கொடுப்பார்கள். உடனே நடக்காது, மாதங்கள் ஆகும்.

கம்பம், கல்லூரி மாணவர்: பகுதி நேரமாகக் கட்டுரைகளை மாற்றி எழுதிக் கொடுக்கிறேன். சொல்லுக்கு இத்தனை பைசா. மூலக் கட்டுரையை அவர்களே அனுப்புகிறார்கள். இது சட்டப்படி தவறா அக்கா?

மூலக் கட்டுரை யாருடையது என்று கேட்டாயா? அவர்களுடையதே என்றால் சிக்கல் இல்லை. பிறருடையது என்றால் யோசிக்க வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், தகவலுக்கு உரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்கு உண்டு. 1978இல் ஒரு நாடக ஆசிரியர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. முல்லைப் பெரியாறு அணை 1895இல் கட்டி முடிக்கப்பட்டது என்பதை யாரும் எழுதலாம். ஒருவர் அதைச் சொன்ன வரிசை, உவமை, பத்தி அமைப்பு எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு சொற்களை மட்டும் மாற்றினால் அது உரிமை மீறலாகலாம். தெரிந்தே மீறினால் 63ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். பைசாக் கணக்குக் கூலிக்கு இந்தத் தலைவலி எதற்கு?

உனக்கு எழுத வருகிறது என்றால், இந்த வட்டாரத்தில் எத்தனையோ விடுதிகளின் தளங்களில் அறைக் கட்டணம்கூடச் சரியாக இல்லை. நேரில் போய்ப் பார்த்து எழுதிக் கொடு. சொல்லுக்கு அல்ல, பக்கத்துக்குக் கூலி கேள்.

கூடலூர், ஜீப் ஓட்டுபவர்: மங்கலதேவி கண்ணகி கோயில் பற்றி எழுதியிருக்கிறேன். என் கட்டுரையை எடுத்து மாற்றி எழுதிய தளம் எனக்கு மேலே வருகிறது. என்ன செய்வது அக்கா?

அண்ணே, நீங்கள் அனுப்பிய இரண்டு பக்கங்களையும் படித்தேன். கோயில் ஆண்டுக்கு ஒரு நாள், சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் திறக்கிறது. 2024இல் அது ஏப்ரல் 23, 2025இல் மே 12. அவர்கள் 2025க்கான கட்டுரை என்று தலைப்பு வைத்துவிட்டு உள்ளே ஏப்ரல் 23 என்றே விட்டிருக்கிறார்கள். மாற்றி எழுதும் ஆட்கள் சொற்களை மாற்றுவார்கள், நாள்காட்டியைப் பார்க்க மாட்டார்கள்.

இரண்டு வேலை செய்யுங்கள். வரிக்கு வரி எடுத்திருக்கும் பகுதிகளைப் படமாகச் சேமித்து, கூகுளின் பதிப்புரிமைப் புகார் படிவத்தில் இரண்டு முகவரிகளையும் கொடுங்கள். உண்மையான புகார் என்றால் அந்தப் பக்கத்தைத் தேடலிலிருந்து நீக்குவார்கள். சும்மா தகவல் ஒத்துப்போகிறது என்பதற்காகப் புகார் கொடுக்காதீர்கள், பொய்ப் புகார் உங்கள் மேலேயே திரும்பும்.

இரண்டாவது வேலைதான் முக்கியம். ஆண்டுதோறும் புதுப் பக்கம் தொடங்காமல், அதே முகவரியில் அதே பக்கத்தைப் புதுப்பியுங்கள். பல ஆண்டுகளாகச் சேர்ந்த இணைப்புகள் அப்படியே இருக்கும். இடுக்கி, தேனி மாவட்ட நிர்வாகங்கள் கூடி முடிவெடுத்து அறிவித்ததும் அன்றைக்கே தேதியைப் போடுங்கள். குமுளியிலிருந்து ஜீப்பில் போவது எப்படி, பளியன்குடி வழியாக நடந்து ஏறுவது எப்படி, வண்டிக்கு அனுமதிச் சீட்டு எங்கே, பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோகக் கூடாது என்பது வரை எழுதுங்கள். அந்தப் பாதையில் வண்டி ஓட்டுகிறவர் நீங்கள். எங்கோ ஏசி அறையில் உட்கார்ந்து மாற்றி எழுதுகிறவன் உங்களோடு இதில் போட்டி போட முடியாது.

வண்டிப்பெரியார், தேயிலைக் கடை: மலையாளத்தில் வரும் நல்ல கட்டுரைகளைத் தமிழாக்கிப் போட்டால் கூகுளுக்கு அது புதுக் கட்டுரைதானே?

எழுதியவரின் அனுமதி இருக்கிறதா? மொழிபெயர்க்கும் உரிமையும் அவருக்கே உரியது. அனுமதி வாங்கிக் கையால் மொழிபெயர்த்து, நம் ஆட்களுக்குத் தேவையானதைச் சேர்த்தால் நல்ல கட்டுரை. இயந்திரத்தில் போட்டு நூற்றுக்கணக்கில் இறக்கினால், 2024 மார்ச்சில் கூகுள் அறிவித்த ஸ்பாம் விதிகளில் நேராகப் போய் விழுவீர்கள். சொல்லை மாற்றுவது, மொழியை மாற்றுவது இரண்டையும் பெயர் சொல்லியே அதில் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் சொந்தக் கட்டுரையை மலையாளம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் போடுவதில் எந்தத் தடையும் இல்லை. அது நகலாகவும் கருதப்படாது.

செயற்கை நுண்ணறிவு எழுதினால்? (பலர்)

மேலே சொன்ன அதே விதிதான். எதை வைத்து எழுதினாய் என்பதைவிட, படிப்பவருக்குப் பயனில்லாமல் மொத்தமாகக் குவித்தாயா என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

உத்தமபாளையம், பயண ஏற்பாட்டாளர்: என் கட்டுரையையே என் தளத்திலும் மீடியம், லிங்க்ட்இன் போன்ற இடங்களிலும் போடுகிறேன். இரட்டைப் பதிவுக்குத் தண்டனை உண்டா மேடம்?

இரட்டைப் பதிவு என்பதற்காக மட்டும் தண்டனை கிடையாது. ஒரே கட்டுரையின் பல பிரதிகளில் ஒன்றைக் கூகுள் தேர்ந்தெடுத்துக் காட்டும், மற்றவற்றை ஒதுக்கிவிடும். பெரிய தளத்தில் இருக்கும் பிரதியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் நட்டம் உங்களுக்கு. முதலில் உங்கள் தளத்தில் போடுங்கள், கூகுள் அதைப் பதிவு செய்ததைச் சர்ச் கன்சோலில் (தள உரிமையாளர்களுக்கான கூகுளின் கருவி) பார்த்துவிட்டுப் பிறகு வெளியே கொடுங்கள். மீடியத்தில் 'இம்போர்ட்' வழியாகக் கொண்டுபோனால் மூலம் உங்கள் தளம் என்ற கெனானிகல் குறிப்பு தானாகவே சேர்ந்துவிடும். லிங்க்ட்இன்னில் முழுக் கட்டுரையைப் போடாமல் நான்கு வரி எழுதி இணைப்புக் கொடுங்கள், போதும்.

குமுளி, மசாலாக் கடை: பக்கத்து விடுதி, ஜீப், யானைச் சவாரி, நாங்கள் என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் இணைப்புக் கொடுத்துக்கொண்டால்?

நியாயமாகச் செய்தால் நல்லதுதான். தங்க வருகிறவருக்கு ஜீப் வேண்டும், ஊருக்குத் திரும்பும்போது மிளகு வேண்டும். விடுதியின் 'சுற்றிப் பார்க்க' பக்கத்தில் உங்கள் கடைப் பெயர் வருவது இயல்பு. எல்லாத் தளத்தின் அடியிலும் நாற்பது கடைகளின் பட்டியலைத் தொங்கவிட்டால் அது இணைப்புப் பண்டமாற்று. கூகுள் தடை செய்திருப்பது அதைத்தான்.

டிஏ 50க்கு மேல் உள்ள தளத்தில் ஒரு இணைப்பு 3,000 ரூபாய். நல்ல விலையா?

டிஏ என்பது மோஸ் என்ற நிறுவனம் தளங்களுக்குப் போடும் மதிப்பெண். கூகுள் அதைப் பயன்படுத்துவதில்லை. காசு கொடுத்து வாங்கும் இணைப்பில், இதை ஓட்டாக எண்ண வேண்டாம் என்று கூகுளுக்குச் சொல்லும் 'ஸ்பான்சர்டு' அல்லது 'நோஃபாலோ' குறிப்பு இருக்க வேண்டும். அந்தக் குறிப்போடு தருவீர்களா என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள், போனை வைத்துவிடுவார்.

சின்னமனூர், பெயர் வேண்டாம் என்றவர்: இரண்டு வருடம் முன்பே நிறைய வாங்கிவிட்டேன். இப்போது எல்லாவற்றையும் 'டிஸ்அவோ' செய்ய, அதாவது கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளுக்குத் தெரிவிக்கச் சொல்கிறார்கள். அதற்கும் தனிக் கட்டணம் கேட்கிறார்கள்.

விற்றவர்களே கழுவிவிடவும் காசு கேட்கிறார்களா! சர்ச் கன்சோலில் 'மேனுவல் ஆக்‌ஷன்' பகுதியைத் திறந்து பாருங்கள். கூகுள் ஊழியர்கள் உங்கள் தளத்தின் மேல் நடவடிக்கை எடுத்திருந்தால் அங்கேதான் தெரியும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் எதையும் தொடாதீர்கள். அந்தக் கருவியைத் தவறாகப் பயன்படுத்தினால் நல்ல இணைப்புகளையும் நீங்களே வெட்டிவிடுவீர்கள். எச்சரிக்கை வந்திருந்தால் முதலில் அந்தத் தளங்களுக்கு எழுதி இணைப்புகளை எடுக்கச் சொல்லுங்கள். எடுக்காதவற்றை மட்டும் பட்டியலிட்டு அந்தக் கருவியில் அனுப்பிவிட்டுக் கூகுளிடம் மறுபரிசீலனை கேளுங்கள்.

கம்பம், திராட்சை விவசாயி: 2023இல் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஒரு நாளிதழின் இணையப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தைப் பற்றி எழுதினார்கள். பெயர் இருக்கிறது, இணைப்பு இல்லை. கேட்கலாமா தங்கச்சி?

தாராளமாகக் கேளுங்கள் அண்ணே. இவ்வளவு கேள்விகளில் உண்மையிலேயே மதிப்புள்ள இணைப்பு இதுதான். எழுதிய நிருபருக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். முகப்புப் பக்கத்தைக் கொடுக்காமல், தோட்டத்தைப் பார்க்க வரும் நேரமும் அறுவடைக் காலமும் இருக்கும் பக்கத்தின் முகவரியைக் கொடுங்கள். வாசகர்கள் வழி கேட்டு உங்களுக்குப் போன் செய்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள், அதுதான் அவர்களுக்குக் காரணமாகப் படும். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. காசு கொடுக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பக்கம் இன்னும் தயாராகவில்லை என்றால் படங்களை எனக்கு அனுப்புங்கள், முதலில் அதை எழுதிவிடுவோம்.