கதிர்வீச்சுக்குப் பிறகும் ஒரு மருந்தா?

கேள்வி: என் அண்ணனுக்கு நுரையீரலில் சிறுசெல் புற்றுநோய், மார்பின் ஒரு பக்கத்தோடு நின்றிருந்தது. கீமோதெரபியும் கதிர்வீச்சும் முடிந்து, ஸ்கேனில் கட்டி சுருங்கியிருக்கிறது. இனி இரண்டாண்டு இம்யூனோதெரபி என்கிறார்கள், தேவைதானா?
- வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: நியாயமான கேள்விதான், அம்மா. இந்நோய் முதல் சிகிச்சைக்கு விரைவில் பணிந்தாலும், பெரும்பாலோரிடம் திரும்பி வருவதே அதன் குணம். புற்றணுக்கள் பிடி-எல்1 என்ற புரதத்தைக் காட்டி நம் எதிர்ப்பு அணுக்களை அடக்கிவைக்கின்றன. டர்வாலுமாப் என்னும் இம்யூனோதெரபி (நோயெதிர்ப்புச் சிகிச்சை) மருந்து அப்புரதத்தை மறித்து அந்த எதிர்ப்பு அணுக்களைக் கட்டவிழ்த்து விடுகிறது. 2024இல் வெளியான அட்ரியாட்டிக் ஆய்வில், கீமோவும் கதிர்வீச்சும் ஒருசேரப் பெற்று நோய் முற்றாதிருந்தவர்களுக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அதிகபட்சம் 24 மாதம் இம்மருந்து ஏற்றப்பட்டது. வெற்று மருந்து பெற்றோரின் இடைநிலை ஆயுட்காலம் (பாதிப்பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 33.4 மாதமாக இருக்க, இவர்களுடையது 55.9 மாதமாக இருந்தது. இந்நோயில் இது சிறிய முன்னேற்றம் அல்ல. ஆயினும் எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்லிவிட முடியாது.

கட்டவிழ்ந்த அணுக்கள் சில வேளை நம் உடலையே தாக்கும். தைராய்டு, குடல், கல்லீரல் பாதிக்கப்படலாம். கதிர்வீச்சு பட்ட நுரையீரலில் அழற்சி ஏற்படுவதே எனக்குப் பெரிய கவலை. ஆகவே புதிதாக இருமலோ மூச்சிரைப்போ வந்தால், சளி என்று கைவைத்தியம் பார்க்காமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆய்வில் கீமோவும் கதிர்வீச்சும் முடிந்த ஆறு வாரத்துக்குள் மருந்தைத் தொடங்கினார்கள் என்பதால், மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) செலவை ஏற்குமா என்பதை இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.