போடிமெட்டு மலைச்சாலை இறக்கத்தில் புது மேக்ஸி ஸ்கூட்டர் நியூட்ரல் ஆவது போல் ஓடுகிறது

பெரும்பாலும் வண்டியில் கோளாறு இருக்காது, கிளட்ச் விலகுகிறது. சிவிடி (கியர் மாற்றாமல் பெல்ட்டில் ஓடும்) வண்டியில் ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டு, வேகமும் குறைந்தால் சென்ட்ரிஃபியூகல் கிளட்ச், அதாவது எஞ்சின் சுழலும் வேகத்தில் தானாகப் பிடிக்கும் கிளட்ச், பிடியை விட்டுவிடும். அப்புறம் எஞ்சினே வேகத்தை அடக்கும் எஞ்சின் பிரேக்கிங் கிடையாது, வண்டி சும்மா உருளும்.

மலையடிவாரத்து முந்தலுக்கு மேலே நேரான இடத்தில் பாருங்கள். உருளும்போது ஆக்ஸிலேட்டரை லேசாக முறுக்கி விடுங்கள். எஞ்சின் மறுபடி பிடித்து வேகத்தை அடக்கினால் கிளட்ச் நன்றாகத்தான் இருக்கிறது. பிடிக்கவே இல்லையா, சர்வீசில் பெல்ட்டையும் கிளட்ச் ஷூவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் 17 கொண்டை ஊசி வளைவுக்கும் பிரேக்கை அழுத்தியபடியே இறங்காதீர்கள், தயவுசெய்து. விட்டு விட்டுப் பிடியுங்கள். லிவர் பஞ்சு மாதிரி அமுங்கினால் உடனே ஓரங்கட்டி ஆறவிடுங்கள். சூடேறிய பிரேக்குக்கு ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) உதவாது.