சாவு எண்ணிக்கை குறையலன்னா டீமே வேஸ்ட்டா?

கேள்வி: நான் வார்டு நர்ஸ். எங்க ஆஸ்பத்திரியில ரேப்பிட் ரெஸ்பான்ஸ் டீம் ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. சாவு எண்ணிக்கை அப்படியேதான் இருக்கு, எதுக்கு இந்த டீம்னு மேனேஜ்மென்ட்ல கேக்கறாங்க. என்ன பதில் சொல்றதுங்க?

பதில்: முதல்ல அந்த டீமைச் சரியான நேரத்துல கூப்பிட்டாங்களான்னு திருப்பிக் கேளுங்கம்மா. வார்டுல ஒருத்தருக்கு இதயம் நிக்கறது பெரும்பாலும் திடீர்னு நடக்கறதில்ல, பல மணி நேரம் முன்னாடியே மூச்சு, நாடி, பிரஷர், ஆக்சிஜன் எல்லாம் மாற ஆரம்பிச்சிடும், அதைப் பாத்த உடனே ஐசியூ அனுபவம் உள்ளவங்க படுக்கைக்கே ஓடி வரணும்ங்கறதுதான் இந்த ஏற்பாடே.

2005ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்த மெரிட்னு ஒரு ஆய்வு, ஆஸ்திரேலியாவுல 23 ஆஸ்பத்திரியை எடுத்து 12ல டீம் வச்சாங்க, 11ல வைக்கல. இதயம் நிக்கறது, எதிர்பாராத சாவு, திடீர் ஐசியூ அட்மிஷன் மூணையும் சேத்துப் பாத்தப்போ பெருசா வித்தியாசமே வரல. அதைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டறாங்க. ஆனா அதே ஆய்வுல இன்னொண்ணு இருக்கு, டீம் இருந்த ஆஸ்பத்திரிகள்ல அபாய அறிகுறி முன்னாடியே தெரிஞ்சும் கடைசியில ஐசியூ போனவங்கள்ல சுமார் 30 சதவீதம் பேருக்குத்தான் டீமைக் கூப்பிட்டிருக்காங்க! கூப்பிடாத டீம் எப்படிங்க காப்பாத்தும்?

அதனால நீங்க அளக்க வேண்டியது, முதல் அறிகுறி சார்ட்ல பதிவானதுக்கும் டீமுக்குப் போன் போனதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்ங்கறதைத்தான். நைட் ஷிப்ட்டைத் தனியா பாருங்க. மூச்சு எண்ணிக்கையை நிஜமாவே எண்ணி எழுதறாங்களா, இல்ல எல்லாருக்கும் ஒரே நம்பர் போடறாங்களான்னும் பாருங்க, இது ரொம்ப முக்கியம். அப்புறம் 1000 அட்மிஷனுக்கு டீமுக்கு எத்தனை போன் கால், ஐசியூவுக்கு வெளியே எத்தனை பேருக்கு இதயம் நின்னுச்சு. போன் கால் கூடறதைத் தோல்வின்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. "இதுக்கெல்லாமா கூப்பிடுவே"னு ஒரு தடவை திட்டு வாங்கின நர்ஸ் அடுத்த தடவை தயங்குவாங்க, அந்தத் தயக்கத்துல ஒரு உயிர் போயிடும், இதை மேனேஜ்மென்ட்கிட்ட அழுத்தியே சொல்லுங்க.

2010ல இந்த மாதிரி டீம் பத்தின 18 ஆய்வுகளைச் சேத்துப் பாத்ததுல பெரியவங்களுக்கு ஐசியூவுக்கு வெளியே இதயம் நிக்கறது மூணுல ஒரு பங்கு குறைஞ்சிருந்துச்சு, மொத்த சாவு குறைஞ்சதா உறுதியா சொல்ல முடியல. இதுல ஒரு நுணுக்கம், கடைசி நிலையில இருக்கறவங்களுக்கு சிபிஆர் (நின்ன இதயத்தை நெஞ்சை அமுக்கி ஓட வைக்கறது) வேணாம்னு டீம் வந்து பேசி முடிவெடுத்தாலும் இதயம் நின்னவங்க கணக்கு குறையும். அது நல்ல முடிவா இருக்கலாம், ஆனா காப்பாத்தின கணக்குல சேத்துடாதீங்க.

கேள்வி: நோயாளியோட வீட்டுக்காரங்களே டீமைக் கூப்பிடலாமா?

பதில்: கண்டிப்பா கூப்பிட விடணும். ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்துல ரயன்ஸ் ரூல், இங்கிலாந்துல 2024ல இருந்து மார்த்தாஸ் ரூல்னு இதுக்கு வழி வச்சிருக்காங்க. "இவர் வழக்கமா இப்படி இருக்கமாட்டாரு"ன்னு அம்மாவோ பொண்டாட்டியோ சொல்றது எந்த மானிட்டர்லயும் வராது. அந்த நம்பரைப் படுக்கை பக்கத்துலயே எழுதி ஒட்டுங்க, யார் கூப்பிட்டாங்கன்னும் தனியா குறிச்சு வைங்க.