வாசகர் கேள்வி – பதில்: படகு டிரெய்லரின் மூக்கு ரோலர்

கேள்வி: கோரிமேட்டில் ஃபைபர் படகுகளைப் பழுதுபார்க்கும் சிறு பட்டறை வைத்திருக்கிறோம். ஏற்காட்டிலிருந்து படகுகளை டிரெய்லரில் ஏற்றி, மலைப்பாதை வழியாக இறக்கிக் கொண்டுவந்து, வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுகிறோம். வின்ச் (படகை டிரெய்லர் மேல் இழுக்கும் கைச்சுழல் கருவி) பொருத்திய கம்பத்தில் படகின் மூக்கு வந்து முட்டும் கறுப்பு ரப்பர் ரோலர் ஒரு பக்கமாகத் தேய்ந்து வெடித்துவிட்டது. படகின் வெள்ளைப் பூச்சிலும் கறுப்புத் தடம் விழுகிறது. சென்ற ஆண்டுதான் புதிதாகப் போட்டோம். இம்முறை லேத் பட்டறையில் நைலான் ராடைக் கடைந்து போட்டுவிடலாமா? படகை இறக்காமலே மாற்ற முடியுமா?
– வாசகர், சேலம்.

பதில்: படகை இறக்காமலே மாற்றலாம். ஆனால் ஓராண்டுக்குள் ஒரு ரோலர் வெடிக்கிறது என்றால் குற்றம் ரோலருடையதாக இருக்க வாய்ப்புக் குறைவு. காரணத்தைச் சரிசெய்யாமல் எதைக் கடைந்து போட்டாலும் அடுத்த ஆண்டும் இதே கேள்வியை எழுத வேண்டிவரும்.

மூக்கு ரோலர் படகின் எடையைத் தாங்குவதற்காக வைக்கப்பட்டதன்று. எடை முழுவதும் அடிப்பக்கத்து ரோலர்களின் மீதும் பக்கவாட்டுத் தாங்கு கட்டைகளின் மீதும் உட்கார வேண்டும். மூக்கு ரோலர், படகு முன்னோக்கி வராமல் தடுக்கும் ஒரு நிறுத்தி மட்டுமே. சமதளச் சாலையில் இதற்கு அதிக வேலை இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட ஏற்காட்டு இறக்கத்திலோ ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் பிரேக் அழுத்தப்படுகிறது. 300 கிலோ எடையுள்ள படகாக இருந்து, ஓட்டுநர் திடீரென்று அழுத்திப் பிரேக் போட்டால், அதன் எடையில் பாதியளவு, அதாவது ஏறக்குறைய 150 கிலோ விசை முன்னோக்கித் தள்ளும். அடியில் உள்ளவை உருளும் ரோலர்களாக இருந்தால் அவை இத்தள்ளுதலைத் தடுப்பதில்லை. அத்தனையும் மூக்கில்தான் வந்து விழும்.

படகை ஏற்றிக்கொண்டு மலையேறும்போது நடப்பதையும் கவனியுங்கள். வின்ச் பெல்ட் சற்றே தளர்ந்திருந்தால் படகு ஓர் அங்குலம் பின்னுக்குச் சரிந்து நிற்கும். அடுத்த பிரேக்கில் அந்த ஓர் அங்குலத்தையும் கடந்து வந்து ரோலரை இடிக்கும். நிதானமான அழுத்தத்தை ரப்பர் பொறுத்துக்கொள்ளும். இப்படித் திரும்பத் திரும்ப விழும் இடியைப் பொறுக்காது. ஆகவே படகின் பின்புற வளையங்கள் இரண்டிலிருந்தும் டிரெய்லர் சட்டத்தின் கடைக்கோடிக்கு, பின்னோக்கிச் சாய்வாக, ஆளுக்கொரு ராட்செட் பெல்ட் (பல்சக்கரப் பிடியால் இறுக்கும் பட்டை) போட்டு இறுக்குங்கள். படகின் குறுக்கே மேலாகப் போடும் ஒற்றைப் பெல்ட் படகு துள்ளுவதைத் தடுக்கும். முன்னே நழுவுவதைப் பெரிதாகத் தடுக்காது. அந்தச் சுமையில் ஒரு பங்கைப் பின்பெல்ட்டுகள் வாங்கிக்கொண்டால் ரோலரின் ஆயுள் கூடும்.

ஒரு பக்கத் தேய்மானம் தனிக் கதை. இணைப்புக் கொக்கியின் நடுவிலிருந்து அச்சின் நடு வரை ஒரு நூலைக் கட்டிப் பாருங்கள். வின்ச் கம்பமும் அடி ரோலர்களும் அந்த நூலின் மேல் நிற்க வேண்டும். கம்பத்தைப் பிடித்திருக்கும் யூ போல்ட்டுகள் தளர்ந்து, கம்பம் ஒரு விரற்கடை திரும்பியிருப்பதைப் பெரும்பாலும் காணலாம். நூல் சரியாக இருந்து, ரோலரின் ஒரே இடம் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தால், ரோலர் சுழலவே இல்லை, அதன் நடுவில் செல்லும் ஷாஃப்ட்டு துருவில் இறுகிவிட்டது என்று பொருள்.

உயரத்தையும் பார்த்துவிடுங்கள். படகின் மூக்கில் வின்ச் பெல்ட் மாட்டும் இரும்பு வளையம் ரோலருக்குச் சற்றுக் கீழே வந்து அமர வேண்டும். அப்போதுதான் குழியில் விழுந்தெழும்போது மூக்கு மேலே எம்பாது.

மாற்றும் முறைக்கு வருவோம். டிரெய்லரை வண்டியிலிருந்து கழற்றாதீர்கள். படகு சற்றுப் பின்னே நகர்ந்தால் முன்பாரம் குறைந்து டிரெய்லர் பின்பக்கமாகக் கவிழ்ந்து உட்காரக்கூடும். சமதளத்தில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்த பிறகு, மூக்கு வளையத்தைத் தனிக் கயிற்றால், இரண்டு அங்குலம் தளர்வு விட்டு, டிரெய்லர் சட்டத்தோடு கட்டுங்கள். வின்ச்சைத் தளர்த்தும்போது கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, அது பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் பல்லை விடுவித்து, சிறிது சிறிதாக விடுங்கள். சுமை இருக்கையில் பல்லை மட்டும் தட்டிவிட்டால் கைப்பிடி சுழன்று வந்து மணிக்கட்டை உடைத்துவிடும். இவ்வேலையில் உண்மையான ஆபத்து இது ஒன்றுதான். படகை ஓர் அங்குலம் பின்னே தள்ளிப் பின்பெல்ட்டுகளை இறுக்கினால் ரோலர் விடுபடும்.

ஷாஃப்ட்டு துருப்பிடித்து வர மறுத்தால் துரு நீக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவையுங்கள். கேஸ் தீயைக் காட்ட வேண்டாம். பக்கத்தில் ஃபைபர் இருக்கிறது. அப்போதும் வராவிட்டால் ஹாக்ஸா பிளேடால் ரப்பரை அறுத்தெடுத்துவிட்டு, ஷாஃப்ட்டையும் இரண்டாக வெட்டி எடுப்பதில் தவறில்லை, ஏனெனில் அந்த ஷாஃப்ட்டு எப்படியும் மாற்றப்பட வேண்டியது. ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கும் தாங்கியின் துளைகள் முட்டை வடிவத்தில் அகன்றிருந்தால் புஷ் வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். நாகப் பூச்சு உள்ள இரும்பாயின் பற்றவைக்கும் இடத்தில் பூச்சைச் சுரண்டிவிட வேண்டும். பூச்சு எரிந்து எழும் புகையைச் சுவாசிப்பது காய்ச்சலில் கொண்டுபோய் விடும்.

நைலான் வேண்டாம் என்பதே என் கருத்து. அது தேயாது, உண்மைதான். ஆனால் விட்டுக்கொடுக்கவும் செய்யாது. ரோலர் தேய்வதற்குப் பதிலாகப் படகின் மேற்பூச்சு சில்லுச் சில்லாக உதிரும். பிறருடைய படகைக் கொண்டுவருகிற தங்களுக்கு அது வீண் வம்பு. பாலியூரித்தேன் ரோலர் வாங்குங்கள். விலை சற்றுக் கூடுதல், ஆனால் கறுப்புத் தடம் விழாது, வெயிலில் ரப்பரைப் போல விரைவில் வெடிக்காது. ஷாஃப்ட்டின் விட்டத்தைத் தேயாத முனையில் வெர்னியரால் அளந்து, ரோலரின் துளை அதைவிட அரை மில்லிமீட்டர் பெரிதாகவும், நீளம் தாங்கியின் உள்ளகலத்தைவிட 2 அல்லது 3 மில்லிமீட்டர் குறைவாகவும் இருக்குமாறு கேளுங்கள்.

புது ஷாஃப்ட்டு 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இருக்கட்டும். ஏரி நீருக்கு, கடல்நீருக்கென உள்ள 316 தரம் தேவையில்லை. காந்தம் ஒட்டவில்லை என்பதால் 304 என்று நம்பிவிடாதீர்கள், மலிவான 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது. தரத்தைக் குறிப்பிட்டு ரசீது தரும் கடையில் வாங்குவது நல்லது. நைலாக் நட்டை (அதிர்வில் தளராதபடி நைலான் வளையம் வைத்த நட்டு) திருகிய பின் ரோலர் கையால் தள்ளினால் சுழல வேண்டும். சுழலாவிட்டால் நட்டு அதிகம் இறுகியிருக்கிறது.

கேள்வி: ரோலருக்குக் கிரீஸ் போடலாமா?
– வாசகர், மேட்டூர்.

பதில்: ரப்பர் ரோலராயின் பெட்ரோலியக் கிரீஸ் வேண்டாம், இயற்கை ரப்பர் அதில் ஊறி உப்பிப்போகும். சிலிகான் கிரீஸை ஷாஃப்ட்டின் மீது மட்டும் மெல்லத் தடவுங்கள். ரோலரின் மேற்பரப்பில் எதையும் தடவ வேண்டாம். மணல் ஒட்டிக்கொண்டு உப்புத்தாளாக மாறிவிடும்.