நூறு பேருக்காக ஒருவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பயன்பாட்டுவாதம் பற்றிய உங்கள் உரையைக் கேட்டேன். ‘மிகப் பலருக்கு மிகுந்த இன்பம்’ என்பதுதான் அதன் சாரம் என்றால், நூறு பேரின் சந்தோஷத்துக்காக ஒருவரைப் பலிகொடுக்கலாம் என்றுதானே ஆகிறது? இன்பமே குறிக்கோள் என்பது சுயநலத்துக்குச் சூட்டிய நல்ல பெயர் இல்லையா?

வி.

அன்புள்ள வி.,

இரண்டாவது கேள்வி எளிது, அதை முதலில் முடித்துவிடுகிறேன். பயன்பாட்டுவாதத்துக்கு வடிவம் தந்த ஆங்கிலேயத் தத்துவவாதி ஜெரமி பெந்தம் 1789-இல் வெளியிட்ட நூலில் பேசுவது, ஒரு செயல் யாரையெல்லாம் தொடுகிறதோ அத்தனை பேரின் இன்பதுன்பத்தையும். அந்தக் கணக்கில் நானும் ஓர் ஆள், அவ்வளவுதான். என் பல்வலி என்னுடையது என்பதற்காக அதற்குக் கூடுதல் மதிப்பெண் கிடையாது. விலங்குகளையும் அவர் விட்டுவிடவில்லை: அவற்றால் பேச முடியுமா என்று கேட்காதீர்கள், துன்பப்பட முடியுமா என்று கேளுங்கள் என்றார். சுயநலக்காரனுக்கு இதைவிடத் தொந்தரவான தத்துவம் கிடையாது.

சென்ற மாதம் நண்பர் ஒருவர் தம் முதல் நாவலின் கைப்பிரதியோடு வந்தார். அறுநூறு பக்கம். நாவல் மோசம். எதிரே அமர்ந்து, துடைத்த மூக்குக்கண்ணாடியையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். ‘பிரமாதம்’ என்று சொல்லிவிடலாமா? இன்பதுன்பத்தை அளக்கப் பெந்தம் தந்த ஏழு அளவுகோல்களை வைத்துப் பார்த்தேன். இன்பத்தின் செறிவு, நிச்சயம், அண்மை மூன்றிலும் பொய் ஜெயித்தது. எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதில் திணறியது. மேலும் இன்பத்தை ஈனுமா, பின்னால் துன்பம் வருமா, எத்தனை பேரைத் தொடும் என்ற மூன்றிலும் படுத்துவிட்டது. உண்மையைச் சொன்னேன். இரண்டு வாரமாக அவர் பேசவில்லை; அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

(இன்பங்களில் தரவேறுபாடு உண்டு என்று பிறகு பெந்தம் வழிவந்த தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் திருத்தினார். அளவுகோலையே அது குழப்பிவிடுகிறது என்பது என் எண்ணம்.)

உங்கள் முதல் கேள்விதான் கனமானது. பயன்பாட்டுவாதிகள் தலைகளை எண்ணுவதில்லை, இன்பதுன்பத்தின் எடை பார்க்கிறார்கள். நூறு பேரின் பொழுதுபோக்குக்காக ஒருவரைச் சித்திரவதை செய்தால், தராசு அந்த ஒருவர் பக்கமே சாயும். ஆனால் ஒரு நிரபராதியைத் தூக்கிலிட்டால் ஐம்பது உயிர் போகவிருக்கும் கலவரம் அடங்கும் என்றால்? கணக்கு ‘தூக்கிலிடு’ என்கிறது. இதற்கு அவர்களில் ஒரு சாரார் சொல்லும் பதில்: தனிச்செயலை எடை போடாதே, விதியை எடை போடு, நிரபராதிகளைத் தண்டிக்கும் நீதிமன்றம் இருந்தால் எவராலும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

கெட்டிக்காரத்தனமான பதில்தான். ஆனாலும் அந்த மனிதனைக் கொல்லக்கூடாது என்பதற்கு மற்றவர்களின் தூக்கமா காரணம்? இங்கே நான், எந்த மனிதனையும் வெறும் கருவியாகப் பயன்படுத்தாதே என்ற ஜெர்மன் தத்துவவாதி காண்ட் பக்கம் போய்விடுகிறேன். நண்பனைக் கொல்ல வந்தவன் ‘அவன் உள்ளே இருக்கிறானா?’ என்று கேட்டாலும் பொய் சொல்லாதே என்று காண்ட் சொல்லும்போது, பெந்தமிடமே திரும்பி ஓடிவருகிறேன்.