சைக்கிளைச் சந்தையில் விட்டு வந்த டீச்சருக்கு

கேள்வி: எனக்கு 58 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை, இருப்பது உப்புவெளி. போன மாதம் சைக்கிளில் திருகோணமலைச் சந்தைக்குப் போய், மீன் வாங்கிக்கொண்டு ஓட்டோவில் வீட்டுக்கு வந்துவிட்டேன். இரவுதான் சைக்கிள் நினைவு வந்தது. படிப்பித்த பிள்ளைகளின் பெயரும் சட்டென்று வருவதில்லை. அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் என்னையே தெரியாமல் போனது, அதுதான் பயம். சீனி வருத்தத்துக்கு 9 வருடமாக மெட்போமின், தும்மலுக்கு இரவில் பிரிட்டோன் ஒன்று போடுகிறேன்.

பதில்: டீச்சர், சைக்கிள் கதையை வாசித்துச் சிரித்துவிட்டேன், கோவிக்க வேண்டாம். அதில் எனக்கு ஆறுதலான விஷயம், இரவில் அது உங்களுக்கே நினைவு வந்ததுதான். அம்மாவுக்கு வந்தது போன்ற நோயில் மறதி மறப்பவருக்கு அவ்வளவாகத் தெரியாது, வீட்டில் இருப்பவர்கள்தான் கவனித்துக் கூட்டி வருவார்கள்.

சைக்கிளைப் பூட்டும்போது உங்கள் மனம் பாரை மீன் விலையில் இருந்திருக்கும். கவனிக்காதது மூளையில் சரியாக ஏறுவதேயில்லை, அதைப் போய் மறதி என்கிறோம். பெயர் விஷயம் வேறு. அது உள்ளேதான் கிடக்கிறது, இழுத்து எடுக்கப் பிடி வேண்டும். மூன்றாம் வாங்கில் இருந்த பையன் தாடியும் ஹெல்மெட்டுமாகக் கோணேசர் கோவிலடியில் வந்து நின்றால் எந்தப் பிடியைத் தேடுவது? எந்த வருடம், யாருக்குப் பக்கத்தில் இருந்தாய் என்று கேட்டுப் பாருங்கள், பல நேரம் பெயர் தானாக வந்து விழும்.

புதியதைப் பதிய வைப்பதில் பெரிய பங்கு ஹிப்போகாம்பஸுக்கு. மூளையின் இரண்டு பக்கமும் உண்டு, கடற்குதிரை வடிவம், கிரேக்கப் பெயரும் அதுதான். 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பை அடக்க இரு பக்கமும் அந்தப் பகுதியில் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். வலிப்புக் குறைந்தது, ஆனால் சற்று முன் பேசியவரே திரும்பி வந்தாலும் அவருக்குப் புது ஆள். சிறுவயதுக் கதைகள் மட்டும் நிறைய மிஞ்சின. கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரையப் பழக்கியபோது நாளுக்கு நாள் கை திருந்தியது, ஆனால் பழகியதே அவருக்கு நினைவில்லை! அல்சைமர் என்ற மறதி நோயும் பெரும்பாலும் இந்தப் பகுதியிலிருந்துதான் தொடங்குகிறது. காலையில் சாப்பிட்டது தெரியாதவர் சின்ன வயதில் பாடமாக்கிய தேவாரத்தைத் தப்பாமல் பாடுவது அதனால்தான்.

சரி, என் கண் நின்ற இடம் உங்கள் கடைசி வரி. நினைவு பதிய மூளைக்கு அசற்றைல்கோலின் என்ற பொருள் வேண்டும், பிரிட்டோன் அதன் வேலையைத் தடுக்கும். உங்கள் வயதில் தினமும் அதைப் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை, தும்மலுக்கு அவ்வளவாக நித்திரை வரவைக்காத வேறு குளிசை இருக்கிறது. மெட்போமினைப் பல வருடம் எடுத்தால் பி12 என்ற விற்றமின் குறையலாம். குறைந்தால் மறதியும் வரும், காலும் விறைக்கும். அதற்காக நீங்களாகவே மெட்போமினை நிறுத்திவிடாதீர்கள், அடுத்த கிளினிக்கில் பி12, தைரொயிட் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். நித்திரை பற்றி நீங்கள் எழுதவேயில்லை. பகலில் ஏறியது நிலைப்பது இரவு நித்திரையில்தான், அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

பழகிய வழி தவறினால், காசுக் கணக்குக் குழம்பினால், கேட்டதையே திரும்பக் கேட்கிறீர்கள் என்று வீட்டார் சொன்னால் கிளினிக் திகதி வரை காத்திருக்க வேண்டாம். திடீரென்று பேச்சோ புத்தியோ தடுமாறினால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. அப்புறம், போகும்போது வீட்டில் உள்ள குளிசை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.