மட்டக்களப்பில் கல் சேகரிப்பவர்கள் கூடினால் என்னதான் செய்வார்கள்?

"மாணிக்கமும் நீலமும் இரத்தினபுரிப் பக்கம். மட்டக்களப்பு, அம்பாறையில் இருப்பது வயலும் வாவியும் கடலும். அங்கே கல், கனியம் சேகரிப்பவர்கள் கூடி என்ன செய்வார்கள்? புதிதாக ஒருவர் போய்ச் சேரலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக அப்படியொரு குழுவில் இருப்பவன் நான். தாராளமாகச் சேரலாம். என்ன செய்கிறோம் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் குழுவுக்குப் பெயரும் இல்லை, தலைவரும் இல்லை. பௌர்ணமிப் போயா தினம் எல்லோருக்கும் விடுமுறை என்பதால் மாதம் ஒருமுறை அன்று காலையில் கூடுகிறோம். ஆரையம்பதியில் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவரின் வீட்டு விறாந்தைதான் இடம். அவரை நாங்கள் எல்லோரும் 'சேர்' என்றே அழைப்போம். காத்தான்குடியில் நகை வேலை செய்யும் நானா ஒருவர், கல்குவாரியில் முப்பது ஆண்டு உழைத்த அண்ணன் ஒருவர், அக்கரைப்பற்றிலிருந்து முதல் பஸ் பிடித்து வரும் டீச்சர், உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் மூன்று பேர், இன்னும் நாலைந்து பேர். இவ்வளவுதான் கூட்டம்.

வந்ததும் பாயின் நடுவில் ஆளுக்கொரு கல் வைக்க வேண்டும். எங்கே எடுத்தது என்று வாய் திறக்கக் கூடாது. கல் கைமாறிச் சுற்றிவரும். முதலில் உள்ளங்கையில் வைத்துப் பாரம் பார்ப்போம். பிறகு நகத்தால், செப்புக் கம்பியால், கண்ணாடித் துண்டால், அரத்தால் ஒவ்வொன்றாகக் கீறிப் பார்ப்போம். 1812இல் பிரெட்ரிக் மோஸ் என்ற ஜெர்மனியர் கனியங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தினார். அந்த வரிசையில் நகம் இரண்டரை, செம்பு ஏறத்தாழ மூன்று, கண்ணாடி ஐந்தரை, அரம் ஆறரை. ஒரு கல் கண்ணாடியைக் கீறி, அரத்துக்கும் மசியவில்லை என்றால் குவாட்ஸாக, அதாவது படிகக்கல்லாக இருக்கலாம் என்று பேச்சு தொடங்கும். குளியலறை ஓட்டின் மெருகில்லாத பின்பக்கத்தில் தேய்த்தும் பார்ப்போம். பார்வைக்கு ஒரே கறுப்பாக இருக்கும் இரண்டு இரும்புக் கற்களில் ஒன்று செம்மண் நிறத்தில் கோடு போடும், அது ஹேமடைட். மற்றது கறுப்பாகவே போடும், காந்தமும் ஒட்டும், அது மக்னடைட். எல்லோரும் தங்கள் முடிவைச் சொன்ன பிறகுதான் கல்லைக் கொண்டுவந்தவர் தன் சீட்டை எடுத்து வாசிப்பார்.

அந்தச் சீட்டுதான் எங்கள் கூட்டத்தின் உயிர். எடுத்த இடம், திகதி, எடுத்தவர், பாறையோடு ஒட்டியிருந்ததா, உதிர்ந்து கிடந்ததா, பக்கத்தில் வேறென்ன இருந்தது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். சீட்டு இல்லாத கல்லை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், சேர் பேழைக்குள் வைக்க விடமாட்டார். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று புதிதாக வருபவர்களுக்குத் தொடக்கத்தில் புரியாது.

ஒருமுறை பிள்ளைகளில் ஒருவன் கைப்பிடி அளவு கறுப்புக் கல் ஒன்றைக் கொண்டுவந்து, விண்கல் கிடைத்துவிட்டது என்றான். பாரம் இருந்தது, காந்தமும் இலேசாக ஒட்டியது. ஆனால் மேலெல்லாம் ஊசித் துளைகள். விண்கல்லில் இப்படிக் குமிழ்த் துளைகள் பெரும்பாலும் இருப்பதில்லை. அது இரும்புச் சிட்டம், இரும்பு வேலையில் மிஞ்சும் கசடு. பையனின் முகம் வாடிவிட்டது. சேர் சிட்டம் என்று சொன்னதோடு விடாமல், "எந்த ஒழுங்கையில் எடுத்தாய் மகன்?" என்று கேட்டார். அவன் சொன்னதும் குவாரி அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தான் சிறுவனாக இருந்தபோது அந்த ஒழுங்கையின் முடிவில் ஒரு கொல்லன் பட்டறை இருந்தது என்றும், மண்வெட்டி தோய்க்கத் தகப்பனோடு அங்கே போயிருக்கிறேன் என்றும் சொன்னார். இப்போது அங்கே பட்டறையும் இல்லை, அதை அறிந்தவர்களும் அதிகம் இல்லை. அந்தச் சிட்டம் சீட்டோடு எங்கள் பேழையில் இருக்கிறது.

இரத்தினக்கல் இல்லாத ஊர் என்றீர்கள். நம் காலடியில் இருப்பது என்னவென்று சொல்கிறேன். கிழக்கு இலங்கையின் பாறைகளை விஜயன் தொகுதி என்பார்கள். ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுப் பழமை உள்ளவை. பூமிக்குள் ஆழத்தில் வெந்து, நசுங்கி, மடிந்து வெளியே வந்த நைஸ் பாறைகள் அவை. வெள்ளையும் கறுப்பும் இளஞ்சிவப்புமாக வரிவரியாக இருக்கும். வெள்ளையும் சிவப்பும் குவாட்ஸும் பெல்ஸ்பாரும். கறுப்பு, ஹோன்பிளென்டும் காக்காப்பொன்னும். வீடு கட்ட இறக்கும் கருங்கல் குவியலிலேயே இவை எல்லாம் இருக்கின்றன. குவாரி அண்ணனுக்கு இந்தப் பெயர்கள் முன்பு தெரியாது. ஆனால் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கல்லுக்கும் நார் உண்டு தம்பி. அதன் போக்கில் தட்டினால் தானே விட்டுக்கொடுக்கும்" என்று ஒரு தட்டுத் தட்டுவார். வரியோடு வரியாகப் பிளந்து, உள்ளே காக்காப்பொன் தகடு புதிதாக மினுங்கும். நூறு கோடி ஆண்டாக வெளிச்சம் படாத முகம் அது. நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், இன்னும் அலுக்கவில்லை.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது கறுமணல் பயணம்தான். தை, மாசி மாதங்களில், வாடைக்காற்றில் கொந்தளித்த கடல் கொஞ்சம் அடங்கியதும் திருக்கோவில் கடற்கரைக்குப் போவோம். வெளிர் மணலின் மேல் கறுப்புப் பட்டைகள் கிடக்கும். அது அழுக்கு அல்ல. நைஸ் பாறைகள் உதிர்ந்து ஆறுகள் கடலுக்குக் கொண்டுவந்த மணலில் பாரமான கனியங்கள் கலந்திருக்கின்றன. அலை பாரம் குறைந்த குவாட்ஸை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. பாரமானவை கரையில் தங்கிவிடுகின்றன. நீரை ஒன்று என்று வைத்தால் குவாட்ஸின் அடர்த்தி 2.65; பாரமான கனியங்களான இல்மனைட்டும் சிர்கோனும் ஏறத்தாழ 4.7. புல்மோட்டையில் இப்படிச் சேர்ந்த மணலைத்தான் பெருமளவில் அகழ்கிறார்கள்.

நாங்கள் எடுப்பது ஒரு தேக்கரண்டி அளவுதான். சிரட்டையில் கழுவலாம் என்ற யோசனை டீச்சருடையது. அரிசி அரிப்பதுபோல, மணலும் நீருமாகச் சிரட்டையைச் சாய்த்துச் சுழற்றினால் வெளிர் மணல் விளிம்பால் வழிந்துவிடும்; அடியில் கறுப்பு தங்கும். அதைக் கடதாசியில் காயவைத்து, பொலித்தீன் பை சுற்றிய காந்தத்தை மேலே கொண்டுபோவோம். மக்னடைட் மணிகள் மீசைபோல எழுந்து ஒட்டும். பையைக் கழற்றினால் அப்படியே உதிர்ந்துவிடும். பை சுற்றாமல் காந்தத்தை நேரே வைத்தால் அந்த மணிகளை அதிலிருந்து எடுக்கவே முடியாது. இதை எல்லோரும் ஒருமுறை செய்துதான் கற்றுக்கொள்கிறார்கள். எஞ்சியதைப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லையில் பார்க்க வேண்டும். வெறும் கண்ணுக்குக் கரித்தூளாகத் தெரிந்ததில் இளஞ்சிவப்புக் கார்னட் மணிகள், இருமுனையும் கூராக்கிய கண்ணாடிக் கோல்போல நிறமற்ற சிர்கோன், எண்ணெய் பூசியதுபோல் கறுத்த இல்மனைட். முதல்முறை பார்த்த நிந்தவூர்ப் பிள்ளை ஒருத்தி வில்லையைக் கண்ணிலிருந்து எடுக்காமல், "இது முழுக்க எங்கள் கடற்கரையில் கிடந்ததா?" என்று கேட்டாள். புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் சிர்கோன் மணிகள் மஞ்சள் கலந்த செம்மையில் ஒளிர்வதும் உண்டு. எப்போதாவது இரவில் கூடும்போது அதைப் பார்ப்பதற்காகவே அயல் வீட்டுக்காரர்களும் வருவார்கள்.

வேறு பயணங்களும் உண்டு. மகா ஓயா வெந்நீர் ஊற்றுக்குப் போயிருக்கிறோம். பக்கத்தில் எரிமலை எதுவும் கிடையாது. விஜயன் தொகுதியும் மலைநாட்டுப் பாறைத் தொகுதியும் சந்திக்கும் எல்லையை ஒட்டிய வெடிப்புகளில் மழைநீர் ஆழத்துக்கு இறங்கிச் சூடாகி மேலே வருகிறது. உகந்தைமலைக்குப் போனால் முதலில் முருகனைக் கும்பிட்டுவிட்டு, பாறையைப் பார்க்க மட்டும் செய்வோம். கடலோரப் பாறைகளை முருகனும் வள்ளியும் வந்த கல்லோடங்கள் என்று ஊர் சொல்கிறது. வெயிலும் மழையும் அந்தப் பாறைகளை வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக உரித்திருப்பதை அங்கேயே காணலாம். கோயில் நிலத்திலும் தொல்லியல் இடங்களிலும் சுத்தியலை வெளியே எடுப்பதில்லை, உதிர்ந்த துண்டையும் தொடுவதில்லை. வனப்பாதுகாப்பு எல்லைக்குள்ளும் அப்படித்தான். மற்ற இடங்களில் காணிக்காரரிடம் கேட்ட பிறகே கால் வைப்போம். குடும்பிமலைப் பக்கம் போவதென்றால் உள்ளூரார் ஒருவர் கட்டாயம் கூட வர வேண்டும். பழைய போர்க்களக் காடுகளில் நடந்த பாதையை விட்டு விலகக் கூடாது என்பது இங்கே வளர்ந்த எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, வெளியூரிலிருந்து வருபவர்களுக்காக எழுதுகிறேன். கனியம் அகழவும் இரத்தினக்கல் தோண்டவும் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். நாங்கள் தோண்டுவதும் இல்லை, விற்பதும் இல்லை.

மாற்றிக்கொள்வது உண்டு. யாழ்ப்பாணத்து நண்பர்கள் சிப்பித் தடம் உள்ள சுண்ணாம்புக்கல் அனுப்புவார்கள், நாங்கள் வரி நைஸ் அனுப்புவோம். போகல காரீயம் (பென்சிலில் உள்ள கிராபைட்), மீட்டியாகொட சந்திரகாந்தக்கல் எல்லாம் அப்படி வந்தவைதான்.

நானா கொண்டுவரும் கல்லுக்குத் தனி வரவேற்பு. ஒருநாள் பழுப்பு நிற டூர்மலின் ஒன்றை விளக்கின் மேல் இடுக்கியால் பிடித்துச் சூடாக்கி, கடதாசிச் சாம்பலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். சாம்பல் துணுக்குகள் துள்ளி எழுந்து கல்லின் முனையில் ஒட்டின. சூடும் குளிரும் மாறும்போது இந்தக் கல்லின் இரு முனைகளிலும் மின்னேற்றம் உண்டாகிறது. ஒல்லாந்தர் இலங்கையிலிருந்து இதைக் கொண்டுபோனபோது 'சாம்பல் இழுப்பான்' என்றே பெயர் வைத்தார்கள். டூர்மலின் என்ற சொல்லே 'தோரமல்லி' என்ற சிங்களச் சொல்லிலிருந்து போனதுதான். அன்று சேர் ஆனந்த குமாரசுவாமியைப் பற்றியும் சொன்னார். கலை ஆராய்ச்சியாளராகவே நாம் அறிந்த அவர், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய அளவைப் பகுதியின் முதல் பணிப்பாளராக இருந்தவர். பின்னர் தோரியனைட் எனப் பெயர் பெற்ற கனியத்தை 1904இல் விவரித்தவர். ஒரு தமிழர் கையில் சுத்தியலோடு இந்தத் தீவைச் சுற்றி வந்தார் என்பது அந்த மூன்று பிள்ளைகளுக்கும் புதிய செய்தி.

சீட்டைப் பற்றிச் சொல்லி வந்தேன். எனக்குக் கல்லில் ஆசை வந்தது மாமாவால். நீர்ப்பாசன வேலைகளுக்கு வாகனம் ஓட்டியவர். போன இடத்திலிருந்தெல்லாம் எனக்கு ஒரு கல் கொண்டுவருவார். ஒவ்வொன்றையும் தீப்பெட்டியில் வைத்து, அவர் சொன்ன ஊரைச் சீட்டில் எழுதி, பிஸ்கட் பேணியில் அடுக்கியிருந்தேன். வீடு கல்லடியில், கடலுக்குக் கிட்ட. 2004 டிசம்பர் 26இல் வீடும் போனது, மாமாவும் போனார். அந்த நாளை வைத்துக்கொண்டு கல்லைப் பற்றிப் பேச எனக்கு இன்றும் நாக்கூசுகிறது. சில வாரங்களுக்குப் பிறகு மண்ணைக் கிளறியபோது அந்தப் பேணி நசுங்கிக் கிடந்தது. உள்ளே சேறு. கற்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, சீட்டுகள் கூழாகிவிட்டன. நாற்பத்து மூன்று கற்களில் பதினொன்றுக்குத்தான் என்னால் ஊர் சொல்ல முடிந்தது. கேட்க மாமாவும் இல்லை.

இதைச் சொன்ன நாளிலிருந்துதான் குழுவில் இன்னொரு பழக்கம் வந்தது. கல்லின் ஓர் ஓரத்தில் வெள்ளைப் பெயின்டால் சிறு பொட்டு வைத்து, காய்ந்ததும் கறுப்பு மையால் இலக்கம் எழுதி, மேலே நிறமற்ற நகப்பூச்சு பூசிவிடுகிறோம். அதே இலக்கம் கொப்பியில் ஒன்று, வேறொருவர் வீட்டுக் கொப்பியில் ஒன்று. நீங்கள் வந்தால் முதல்நாள் உங்களுக்குத் தரப்படும் வேலை இந்தப் பொட்டு வைப்பதாகத்தான் இருக்கும். விலைகொடுத்து எதுவும் வாங்கிவர வேண்டாம். உங்கள் வளவில் கிடக்கும் ஒரு கல்லும், அது கிடந்த இடத்தை எழுதிய துண்டுக் கடதாசியும் போதும்.

மிச்சம் முப்பத்திரண்டு கற்களையும் சென்ற ஆண்டு பாயில் பரப்பி வைத்தேன். குவாரி அண்ணன் நெடுநேரம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பெரிய சிவப்புப் பெல்ஸ்பார் கட்டிகள் கண்கண்ணாகப் பதிந்த ஒன்றைத் தனியே எடுத்து வைத்து, "இந்த மாதிரிக் கல்லை உன்னிச்சைப் பக்கம் உடைத்திருக்கிறேன் தம்பி. சத்தியம் பண்ணமாட்டேன்" என்றார். சேர் பென்சிலைத் தந்தார். சீட்டில் 'உன்னிச்சை' என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன். வருகிற போயாவுக்கு அந்தக் கல்லையும் எடுத்துக்கொண்டு உன்னிச்சைக்குப் போகிறோம்.